கழற்றும் மேகசினுக்கு ஏற்ற பாட்டம் மெட்டல்

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்தால் விசையைச் சுற்றி ஒரு வளையமும், அதற்கு முன்னால் நீளும் ஓர் உலோகச் சட்டமும் தெரியும். பல ரைஃபிள்களில் இரண்டும் ஒரே துண்டு. அமெரிக்கப் பட்டறைகளில் இதைப் பாட்டம் மெட்டல் என்பார்கள். பார்வைக்கு அலங்காரத் தகடு போலத் தோன்றினாலும் இதற்கு இரண்டு வேலைகள் உண்டு. மேலே ரிசீவர் (போல்ட் ஓடும் உலோக உடல்; போல்ட்டோடு சேர்த்து ஆக்‌ஷன் என்பார்கள்), நடுவே கட்டை, கீழே இந்தச் சட்டம் என்று மூன்றையும் இரண்டு திருகுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. தோட்டாக்கள் இருக்கும் மேகசினை அடியிலிருந்து தாங்குவதும் இதே சட்டம்தான்.

சொந்தமாக ரைஃபிள் அமைத்துக்கொள்பவர்கள் பலரும் முதலில் கட்டையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அதற்குப் பொருந்தும் பாட்டம் மெட்டலைத் தேடுகிறார்கள். அதில் நுழையும் மேகசினைக் கடைசியில்தான் வாங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் சாரம். முதலில் தோட்டா, அடுத்து மேகசின், பிறகு பாட்டம் மெட்டல், கடைசியாகக் கட்டை. இந்த வரிசையில் போனால் செலவும் குறையும், அரத்துக்கும் வேலை குறையும்.

உதாரணங்களுக்கு இங்கே ரெமிங்டன் 700 ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். 1962-இல் வெளிவந்த இந்த ரைஃபிளின் ரிசீவர் வடிவத்தையே இன்றைய தனிவடிவ ஆக்‌ஷன்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அதனால் இதற்குப் பொருந்தும் உதிரிப் பாகங்களே சந்தையில் அதிகம்.

உள்மேகசினுக்கும் கழற்றும் மேகசினுக்கும் என்ன வேறுபாடு?

உள்ளேயே பொதிந்த மேகசினில் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் விளிம்புகள் ரிசீவரிலேயே செதுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் தோட்டாவை மேலே தள்ளும். ரிசீவரின் இரு பக்கத் தண்டவாளங்களும் அதை மடக்கிப் பிடிக்கும். பால் மவுசரின் 1898 வடிவமைப்பிலும் இருக்கும் ஏற்பாடு இது. இதில் அடியிலுள்ள தகரப் பெட்டி சற்று ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் பெரிய கேடில்லை. தோட்டா நிற்கும் உயரத்தை ரிசீவர்தான் முடிவு செய்கிறது.

கழற்றும் மேகசினில் அந்த விளிம்புகள் மேகசினுக்கே இடம் மாறிவிடுகின்றன. மேகசினின் வாயில் உள்நோக்கி மடிந்த இரண்டு உதடுகள் தோட்டாவைப் பிடித்திருக்கும். அந்த மேகசின் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பாட்டம் மெட்டலில் உள்ள தாழ் தீர்மானிக்கிறது. பாட்டம் மெட்டல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டையின் வெட்டும், அதற்குள் இருக்கும் உலோகத் தூண்களும் தீர்மானிக்கின்றன. ரிசீவர் தனியாகப் பார்த்துக்கொண்ட ஒரு வேலை இப்போது நான்கு பாகங்களின் கையில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இம்மியளவு பிசகினால் எல்லாம் சேர்ந்து தோட்டா ஏறாமல் போகும்.

தோட்டாவின் நீளத்திலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்கத் தோட்டா அளவுகளை வகுக்கும் உற்பத்தியாளர் அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ., ஒவ்வொரு தோட்டாவுக்கும் முழுநீள உச்சவரம்பு ஒன்றைக் குறித்திருக்கிறது. .223 ரெமிங்டனுக்கு 2.260 இஞ்ச். .308 வின்செஸ்டருக்கு 2.810. 6.5 க்ரீட்மூருக்கு 2.825. 6.5 பி.ஆர்.சி.க்கு 2.955. .30-06க்கும் .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கும் 3.340.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது 6.5 பி.ஆர்.சி. குட்டை ஆக்‌ஷனுக்கான தோட்டா என்றே இதை விற்கிறார்கள். ஆனால் .308-க்கென்று செய்த மேகசின்கள் பெரும்பாலானவற்றுக்குள் 2.955 இஞ்ச் அடங்காது. குட்டை ஆக்‌ஷன் என்ற சொல்லை நம்பிப் பாட்டம் மெட்டல் வாங்கியவர், உள்நீளம் கூடிய மேகசினைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும். தோட்டாவின் உடலும் பருமனானது என்பதால் அதற்கேற்ற உதட்டு அகலமும் வேண்டும்.

தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குழலின் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்துக்கு அருகே குண்டு நிற்கட்டும் என்று அதைச் சற்று வெளியே தள்ளி அமர்த்துவார்கள். அப்போது முழுநீளம் மேற்சொன்ன வரம்பைத் தாண்டிவிடும். நீங்கள் சுடப்போகும் தோட்டாவை வெர்னியரில் அளந்து, மேகசினின் உள்நீளம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். குண்டின் முனை மேகசினின் முன்சுவரில் உரசினால், ஒவ்வொரு வெடிப்பின் அதிர்விலும் முனை நசுங்கும்.

எந்த மேகசின்?

இன்று சந்தையை ஆளும் வடிவம் ஏ.ஐ.சி.எஸ். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் இயங்கும் அக்யூரசி இன்டர்நேஷனல் நிறுவனம் கட்டைக்குப் பதிலாக வரும் தன் உலோகச் சட்டகத்துக்காக வகுத்தது இது. 1984, 1988 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற துப்பாக்கி வீரர் மால்கம் கூப்பர் அந்த நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். இப்போது மேக்புல், எம்.டி.டி., அக்யுரேட்-மேக் என்று பலரும் இதே வடிவத்தில் மேகசின் செய்கிறார்கள். ஒருவர் கடையை மூடினாலும் இன்னொருவரிடம் வாங்கலாம் என்பதே இதைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம். இதில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டாலும், வாயில் நடுவே ஒன்றொன்றாகத்தான் வெளிவரும். நடுவிலிருந்து நேராகச் செல்வதால் தோட்டாவின் பாதை எளிமையானது.

அதே நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. வடிவத்தில் தோட்டாக்கள் வாய்வரை இரண்டு வரிசையாகவே வந்து, இடமும் வலமுமாக மாறிமாறி ஏறும். இதனால் 10 தோட்டா மேகசின்கூட அடியில் குறைவாகவே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ரிசீவரின் அடிவாய் அதற்கென்றே அகலமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஆக்‌ஷனை ஆர்டர் செய்யும்போதே இதைக் கேட்டு வாங்குவதே முறை. பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

சில நிறுவனங்கள் தமக்கே உரிய தனி மேகசினை வைத்திருக்கின்றன. எச்-எஸ் பிரிசிஷன் அப்படிப்பட்ட ஒன்று. வேலைப்பாடு நன்றாக இருக்கலாம். ஆனால் தொலைந்த மேகசினுக்கு மாற்று ஒரே இடத்தில்தான் கிடைக்கும்.

வேட்டைக்குப் போகிறவருக்கும் போட்டியில் சுடுபவருக்கும் தேவை வேறு. வயோமிங் மலைச்சரிவில் எல்க் மான் தேடி நாளெல்லாம் நடப்பவர், ரைஃபிளைக் கையில் தூக்கும்போது விரல்கள் பற்றும் எடைநடு இடம் பெரும்பாலும் மேகசின் இருக்கும் இடம்தான். அங்கே 10 தோட்டா மேகசின் நீட்டிக்கொண்டிருந்தால் பிடிக்க வாகாக இருக்காது, இடுப்பிலும் இடிக்கும். அவருக்குக் கட்டையோடு சமமாக அமரும் 3 அல்லது 4 தோட்டா மேகசினே போதும். போட்டியாளர் தடுப்புச் சுவர்மீதும் மரக்கட்டைமீதும் ரைஃபிளைச் சாய்த்துச் சுடுகிறார். நீண்ட மேகசினின் முன்முகத்தையே அவர் தடுப்பில் முட்டுக்கொடுப்பதும் உண்டு. அவருக்கு 10 தோட்டாவும் உறுதியான தாழும் தேவை.

பாட்டம் மெட்டலைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் கேட்க வேண்டியது வெட்டின் பெயர். பேட்ஜர் ஆர்ட்னன்ஸ் நிறுவனத்தின் எம்5 பாட்டம் மெட்டலுக்கான வெட்டு இத்துறையில் பொது அளவாகவே ஆகிவிட்டது. மக்மில்லன், மேனர்ஸ் போன்ற கட்டை தயாரிப்பாளர்களிடம் 'எம்5 வெட்டு' என்று சொன்னாலே போதும். வேறு நிறுவனங்களும் அதே வெட்டில் அமரும் சட்டங்களைச் செய்கின்றன. ஏற்கெனவே கையில் இருக்கும் கட்டை, கீல் வைத்த மூடியோடு வந்த பி.டி.எல். வகை ரெமிங்டனுடையது என்றால், அந்த வெட்டிலேயே அமரும் பாட்டம் மெட்டல்களும் கிடைக்கின்றன. அடிப்பக்கம் திறப்பே இல்லாத ஏ.டி.எல். கட்டையாக இருந்தால், புதிதாகத் திறந்துதான் ஆக வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் கூலியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பல சமயம் புதுக் கட்டை வாங்குவதே மலிவாக முடியும்.

அடுத்தது தாழின் வகை. விசை வளையத்தின் முன்விளிம்பில் துடுப்புபோல நீளும் தாழைக் கையுறையோடும் இருட்டிலும் எளிதாகத் தள்ளலாம். அதே காரணத்தால் புதரில் சிக்கியும் அது திறந்துகொள்ளலாம். சட்டத்துக்குள் பதிந்த பொத்தான் தானாகத் திறக்காது. ஆனால் குளிரில் மரத்த விரலுக்கு அதைத் தேடிப் பிடிப்பது சிரமம். வேட்டைக்காரருக்குப் பதிந்த பொத்தான், போட்டியாளருக்குத் துடுப்பு என்று பொதுவாகச் சொல்லலாம்.

உலோகத்தைப் பொறுத்தவரை, ஆனோடைஸ் செய்த அலுமினியமே பெரும்பான்மை. எஃகு கனம், ஆனால் தாழ் உரசும் இடத்தில் தேய்மானம் குறைவு. அலுமினியச் சட்டம் வாங்கினால் தாழாவது எஃகில் இருக்கிறதா என்று பாருங்கள். வார்த்த பிளாஸ்டிக் சட்டங்கள் எடை குறைந்தவை. ஆனால் திருகை முழு விசையோடு இறுக்க அவை இடம் தராது.

விசையையும் மறக்க வேண்டாம். ரெமிங்டனின் போல்ட் விடுவிக்கும் பொத்தான் விசைக்குச் சற்று முன்னால், வளையத்துக்குள் இருக்கிறது. டிம்னி, ட்ரிகர்டெக் போன்ற மாற்று விசைகளின் உடல் பருமன் ஒவ்வொன்றிலும் மாறும். சட்டத்தின் உள்வெட்டு இவற்றுக்கெல்லாம் இடம் விடுகிறதா என்பதை வாங்கும் முன்பே விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்

சேம்பரையும் மேகசினையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, வெறுமையாக இருப்பதை உறுதி செய்யுங்கள். வேலை நடக்கும் அறையில் வெடிக்கக்கூடிய தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது. சோதனைக்கு மருந்தும் கேப்பும் இல்லாத டம்மி தோட்டாக்களையே பயன்படுத்துங்கள். அவற்றின் நீளமும் குண்டின் வடிவமும் நீங்கள் சுடப்போகும் தோட்டாவுடையதாகவே இருக்கட்டும்.

அரசு விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் தன் சொந்த ரைஃபிளில் இந்த மாற்றத்தைச் செய்யக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. பிறருக்குத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைக் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் விற்க முடியாது. வேட்டைக்கு எத்தனை தோட்டா என்பதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் தனி விதிகள் இருக்கின்றன. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் அதற்கென உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யக்கூடியவை; இங்குள்ள வாசகர் இந்த அத்தியாயத்தை அறிவுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பொருத்துதல்: வெட்டும் தூண்களும்

கட்டையைத் திறக்க வேண்டுமென்றால் மில்லிங் மெஷின்தான் சரியான கருவி. உளியால் அகலத்தைச் சரிசெய்துவிடலாம். ஆழத்தைச் சமமாகக் கொண்டுவருவது கடினம். இந்த வேலையில் முக்கியமே ஆழம்தான். சட்டம் அமரும் தளம், ரிசீவர் அமரும் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னே ஆழமும் பின்னே மேடுமாக இருந்தால் மேகசின் சாய்ந்து நிற்கும்.

இரண்டு திருகுகளைச் சுற்றியும் அலுமினியத் தூண்கள் வைத்து, ரிசீவரின் அடியை எபாக்ஸி ஊற்றிப் படுகையாக்குவது இன்று வழக்கம். தூணின் மேல்முகம் ரிசீவரையும் கீழ்முகம் பாட்டம் மெட்டலையும் தொட வேண்டும். இறுக்கத்தின் சுமை முழுவதும் உலோகத்திலிருந்து உலோகத்துக்கே போக வேண்டும். மரமோ நார்க்கண்ணாடியோ அதைத் தாங்கக்கூடாது. மேகசினின் உயரத்தை முடிவு செய்வது இந்தத் தூணின் நீளமே. தூண் குட்டையானால் சட்டம் ரிசீவரை நெருங்கி மேகசின் உயரும். நீண்டால் மேகசின் தாழும். ஆகவே எபாக்ஸி ஊற்றும் முன்பே, மேகசினை மாட்டி உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூணை நிலைநிறுத்த வேண்டும். ஊற்றும்போது ஒட்டாமல் இருப்பதற்கான பூச்சைத் திருகுகளிலும் ரிசீவரிலும் ஓரிடம் விடாமல் தடவுங்கள்.

மேகசின் நுழையும் கூண்டுக்கும் ரிசீவரின் அடிப்பகுதிக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருக்கட்டும். திருகை இறுக்கும்போது கூண்டு ரிசீவரில் முட்டினால் ரிசீவர் வளையும், குறி சிதறும். மாட்டிய மேகசின் விரலால் அசைத்தால் இலேசாக ஆட வேண்டும்.

திருகுகள்

ரெமிங்டன் 700-இன் இரண்டு திருகுகளும் கால் இஞ்ச் தடிமன், இஞ்சுக்கு 28 புரி. புதுச் சட்டத்தோடு வரும் திருகின் நீளம் உங்கள் கட்டைக்குப் பொருந்தும் என்று நம்பி முறுக்காதீர்கள். முன்திருகு நீண்டுவிட்டால் அதன் நுனி ரிசீவருக்குள் எட்டிப்பார்த்து, போல்டின் கீழ்ப் பூட்டுக்காதில் உரசும். கைப்பிடியைக் கீழே மடக்கும்போது கடினமாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். முன்திருகை ஒரு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்; கைப்பிடி இலகுவானால் குற்றவாளி அதுதான். பின்திருகு நீண்டால் போல்டின் உடலில் கீறல் விழும். இரண்டையும் நுனியில் தேய்த்துக் குறைத்து, விளிம்பைச் சரிவாக்கிப் புரியைச் சுத்தம் செய்யுங்கள். அதிகமாகத் தேய்த்தால் பிடிக்கும் புரி குறைந்துவிடும்; கொஞ்சம் தேய்த்துச் சோதித்து, மீண்டும் தேய்ப்பதே நல்லது.

இறுக்க விசைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவே முதன்மை. பொதுவாக, தூண் வைத்த கட்டைக்கும் அலுமினியச் சட்டகத்துக்கும் உலோகப் பாட்டம் மெட்டலோடு 65 இஞ்ச்-பவுண்டு வரை போகிறார்கள். தூணில்லாத மரக்கட்டைக்கு 40-ஐ ஒட்டி நிறுத்துவது வழக்கம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவது ஒவ்வொரு முறையும் வேறு ரைஃபிளைக் கையில் எடுப்பதற்குச் சமம்.

மேகசினின் உயரம்

வெறும் மேகசினை மாட்டி, போல்டை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். போல்ட் உதடுகளைத் தொடக்கூடாது. இப்போது மேகசினை அடியிலிருந்து கையால் மேலே தள்ளிக்கொண்டு அதையே செய்யுங்கள். ரைஃபிளை மேகசின்மீதே ஊன்றிச் சுடும்போது நேர்வது இதுதான். உரசல் கேட்டால் மேகசின் உயரம் அதிகம். அல்லது மேகசின் அளவுக்கு மீறி ஏறாமல் தடுக்கும் நிறுத்தி சரியில்லை.

அடுத்து டம்மி ஒன்றை வைத்து, மேகசினைக் கீழ்நோக்கி இலேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு போல்டைத் தள்ளுங்கள். போல்டின் முகம் தோட்டாவின் பின்விளிம்பைத் தாராளமாகப் பற்ற வேண்டும். விளிம்பைத் தாண்டி மேலே வழுக்கிப் போனால் மேகசின் தாழ்ந்திருக்கிறது. முழுதாக நிரப்பிய மேகசினிலும் கடைசித் தோட்டாவிலும் தனித்தனியே இதைப் பாருங்கள். ஸ்பிரிங்கின் உந்துதல் இரண்டிலும் வேறு.

பிழை தெரிந்ததும் அரத்தை எடுக்க வேண்டாம். வெவ்வேறு மேகசின்களை மாற்றிப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் இடித்தால் தச்சர் அந்தக் கதவைச் சீவுவார். அந்த நிலையில் மாட்டிய எந்தக் கதவும் இடித்தால்தான் நிலையைத் தொடுவார். இங்கும் அதுதான் முறை. ஒரே மேகசினில் மட்டும் தொல்லை என்றால் அதை ஒதுக்கிவையுங்கள். எல்லாவற்றிலும் ஒரே தொல்லை என்றால்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும். மேகசின் உயர்ந்திருந்தால் தூணுக்கும் சட்டத்துக்கும் இடையே ஷிம் எனப்படும் மெல்லிய தகடு வைத்துத் தாழ்த்தலாம். தாழ்ந்திருந்தால், தாழைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் தூணையும் வெட்டையும் ஒரே அளவில் குறைக்க வேண்டும். மேகசின் உதடுகளை இடுக்கியால் வளைப்பது இறுதிவரை கூடாது. இன்றைக்குச் சரியானது போலத் தோன்றும். நாளை வாங்கும் புது மேகசின் ஏறாது.

சோதனை

டம்மிகளை மெதுவாக ஏற்றுங்கள்; பிறகு வேகமாக; பிறகு ரைஃபிளை இடப்பக்கம், வலப்பக்கம், மூக்குக் கீழாகச் சாய்த்து ஏற்றுங்கள். வேகமாக ஓடி, மெதுவாகத் தள்ளும்போது மட்டும் சிக்குகிறது என்றால் பிழை இருக்கிறது. வேகம் அதை மறைக்கிறது. விசை வளையத்துக்குள் போல்ட் பொத்தானும், ரிசீவரின் பின்பக்கம் பாதுகாப்புத் தாழும் எங்கும் உரசாமல் இயங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

படுகை சரியா என்பதை டயல் கேஜ் சொல்லிவிடும். குழலில் கேஜைப் பிணைத்து, அதன் முள்ளைக் கட்டையின் முனையில் நிறுத்தி, திருகுகளை ஒன்றொன்றாகத் தளர்த்துங்கள். முள் இஞ்சில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் நகர்ந்தால் நல்லது. அதற்கு மேல் துள்ளினால் ரிசீவர் எங்கோ வளைந்து உட்கார்ந்திருக்கிறது. தூணையும் கூண்டின் இடைவெளியையும் மறுபடி பாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகே சுடுதளம். குறி முன்பிருந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தே போங்கள். தொலைநோக்கியைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சில சுற்றுகளுக்குப் பின் இறுக்க விசையை மீண்டும் அளவிடுங்கள். ஒவ்வொரு மேகசினிலும் பெயின்டால் ஓர் எண் எழுதிவிட்டால், சிக்கல் வரும் நாளில் குற்றவாளியை உடனே அடையாளம் காணலாம்.

எப்போது செய்யவே கூடாது

1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 போன்ற சேகரிப்பு மதிப்புள்ள ரைஃபிளின் மூலக்கட்டையை வெட்டாதீர்கள். வெட்டிய மரத்தை மறுபடி ஒட்ட முடியாது. வேண்டுமானால் வேறு கட்டை வாங்கி அதில் செய்யுங்கள். உள்மேகசின் நன்றாகத் தோட்டா ஏற்றுகிறது, ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வேட்டை என்றால் இந்த மாற்றத்தால் பெரிய பயன் இல்லை. தொலைந்துபோகவே முடியாத மேகசின் என்பது உள்மேகசினின் பெரிய நன்மை.

பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய தாள்

வேலையைத் துப்பாக்கிப் பட்டறையில் கொடுப்பவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்:

1. தோட்டாவின் பெயரும், நீங்கள் சுடும் தோட்டாவின் அளந்த முழுநீளமும்.
2. மேகசினின் வடிவம், தயாரிப்பாளர், கொள்ளளவு. வைத்திருக்கும் மேகசின்கள் அனைத்தையும் ரைஃபிளோடு கொடுங்கள்.
3. பாட்டம் மெட்டலின் பெயரும் வெட்டின் பெயரும்.
4. விசையின் தயாரிப்பாளர்.
5. கட்டையில் தூண் இருக்கிறதா, புதிதாக வைக்க வேண்டுமா.
6. உங்கள் தோட்டா அளவில் செய்த டம்மிகள்.
7. திரும்பப் பெறும்போது எழுத்தில் வேண்டியவை: இரண்டு திருகுகளின் இறுக்க விசை, டயல் கேஜின் அளவு, ஒவ்வொரு மேகசினும் முழுதாக நிரப்பி ஓட்டிப் பார்க்கப்பட்டதா என்ற குறிப்பு.

ஏழாவது வரிக்குத் தயங்காமல் பதில் எழுதித் தரும் பட்டறையிடம் ரைஃபிளைக் கொடுங்கள்.